நெல் விளைந்த நிலம் எங்கே, ஹஜ்ரத்?

சென்ற அரையாண்டு விடுமுறையில் எங்கள் தெரு மக்தபில் ஓதும் பிள்ளைகள் 22 பேரைத் திருமுக்கூடலுக்கு அழைத்துச் சென்றோம். காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு அது தொலைவான ஊரன்று. பழைய சீவரத்தின் எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் இருக்கிறது. பெயரும் அதனால் வந்ததே. நாங்கள் போன அன்று மூன்று ஆறுகளும் கூடியதாகத் தெரியவில்லை. மணலும் நாணலும், ஓரமாக ஒரு கீற்று நீரும் இருந்தன.

"பிள்ளைகளைக் கோயிலுக்கா அழைத்துப் போகிறீர்கள்?" என்று பெற்றோரில் இருவர் கேட்டனர். கேட்டது தவறன்று. வணங்குவதற்கு அன்று, வாசிப்பதற்கு என்று விடை சொன்னோம். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அதன் சுவரில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழகத்தின் பழைய மருத்துவமனைகளைப் பற்றி எழுதுவோர் எவரும் அதைச் சொல்லாமல் கடப்பதில்லை. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவைப் பண்டுவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். வேதமும் இலக்கணமும் பயிலும் மாணவருக்கு உணவும் தங்குமிடமும். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. மருத்துவரின் ஆண்டு ஊதியம் 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைப் பண்டுவருக்கு 30 கலம் நெல். ஏனையோருக்கும் அவரவர் பணிக்கு ஏற்ப நெல் அளக்கப்பட்டது.

இவற்றைச் சொல்லி முடித்தபோது, பதினொரு வயதுப் பிள்ளை ஒருவன் கேட்டான்: "அந்த நெல் விளைந்த நிலம் எங்கே, ஹஜ்ரத்?"

ஹஜ்ரத் எங்களைப் பார்த்தார். வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயிலிருந்து இச்செலவுகள் நடந்தன என்று படித்திருந்தோம், அதைச் சொன்னோம். அவ்வூர் இன்றும் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றோம். "அப்படியானால் அந்த நெல்லைக் காட்டுங்கள்" என்றான். அதற்கு எங்களிடம் விடையில்லை. கல் 950 ஆண்டுகளாக நிற்கிறது. அக்கல்லில் எழுதப்பட்ட வாழ்வைத் தாங்கிய வயலையும் விதையையும் ஒரு பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுக்க நம்மால் இயலவில்லை.

திரும்பும் வழியில் வண்டியின் சன்னல் ஓரம் அமர்ந்திருந்த பிள்ளைகள் மனைப்பிரிவுப் பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டே வந்தார்கள். தோட்டம், பசுமை, வயல், ஏரி என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயர்கள். எதை அழித்தார்களோ அதன் பெயரையே அந்த இடத்துக்குச் சூட்டுவது ஒரு வழக்கம் போலும். வண்ணம் பூசிய எல்லைக் கற்களுக்கு நடுவே பழைய வரப்புகள் இன்னும் தெரிந்தன.

வரலாற்றையும் இயற்கைப் பாதுகாப்பையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சிறந்த இடம், ஒரு குடும்பம் விற்காமல் வைத்திருந்து, தொடர்ந்து பயிரிட்டுவரும் நிலமே என்பது எங்கள் கருத்து. அருங்காட்சியகமும் கல்வெட்டும் பாடநூலும் வேண்டியவைதாம். ஆனால் அவற்றில் வரலாறு முடிந்துபோன ஒன்றாகக் கிடக்கிறது. உழுது விதைக்கப்படும் நிலத்தில் அது இவ்வாண்டும் நடக்கிறது. அத்தகைய நிலத்தைக் காக்கும் வழியை நம் மார்க்கம் நமக்கு முன்பே கற்றுத் தந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறோம்.

இதற்கு வாழும் எடுத்துக்காட்டு வேண்டுவோர் பெங்களூரைத் தாண்டிச் செல்ல வேண்டும். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், மாலவள்ளியிலிருந்து மைசூர் செல்லும் பாதையில் கிருகாவலு என்று ஓர் ஊர். அங்கே சையத் கனி கான் என்ற உழவரின் குடும்பத்துக்கு ஒரு பழந்தோப்பு உண்டு. 'படா பாக்', அதாவது பெரிய தோப்பு என்று பெயர். திப்பு சுல்தான் காலத்தில் தம் முன்னோருக்கு வழங்கப்பட்டது என்பது அக்குடும்பம் சொல்லிவரும் வரலாறு. ஹைதர் அலியும் திப்புவும் தோட்டக்கலையில் எவ்வளவு ஈடுபாடு கொண்டவர்கள் என்பதற்குப் பெங்களூரின் லால் பாக் சாட்சி. ஹைதர் அலி 1760இல் அதைத் தொடங்கினார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அரண்மனை சிதைந்தது. கிருகாவலுத் தோப்பிலோ மாமரங்கள் நின்றன.

அத்தோப்பில் 100க்கும் மேற்பட்ட மா வகைகள் இருக்கின்றன. ஒட்டுக்கட்டிய மரங்கள் நிறைந்த இன்றைய தோப்புகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அது வியப்பு. நம் நாட்டு மாவில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து முளைத்தால் தாய்மரத்தை அப்படியே ஒத்திரா. ஒவ்வொரு கன்றும் ஒரு புது மரம். ஊறுகாய்க்கு ஒன்று, சாற்றுக்கு ஒன்று, அறுத்துத் தின்ன ஒன்று எனத் தலைமுறை தலைமுறையாக மனிதர் சுவைத்துப் பார்த்துத் தேர்ந்து வைத்ததன் விளைவு அத்தோப்பு. ஒரு மரம் பட்டுப்போனால் ஒரு நூல் எரிந்ததற்குச் சமம். அதன் படி வேறெங்கும் இல்லாதிருக்கலாம்.

கனி கானின் கதையில் நம்மைக் கவர்வது வேறொன்று. அவர் உழவராக விரும்பியவர் அல்லர். அருங்காட்சியகக் காப்பாளராக வேண்டும் என்று விரும்பிப் படித்தவர். தந்தையின் உடல்நிலை குன்றியதால் நிலத்துக்குத் திரும்பினார். முதலில் எல்லாரையும் போலவே உரமும் பூச்சிமருந்தும் இட்டுப் பயிர் செய்தார். ஒருநாள் மருந்து தெளிக்கும்போது மயங்கி விழுந்தார். அதன் பிறகே பழைய நெல் வகைகளைத் தேடத் தொடங்கினார். இன்று அவரிடம் பல நூறு நெல் வகைகள் உள்ளன. வயலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு வகையை நடுகிறார். வீட்டிலேயே நெல்லுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார். மாணவரும் ஆய்வாளரும் உழவரும் வந்து பார்க்கிறார்கள். காப்பாளர் ஆக வேண்டும் என்ற அவருடைய விருப்பம், அவர் எண்ணியிராத வழியில் நிறைவேறியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நெல்விதையைப் புட்டியில் அடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது காக்கப்பட்டதாகாது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் ஓரிரு ஆண்டுகளில் அதன் முளைப்புத் திறன் போய்விடும். பிலிப்பைன்சு நாட்டிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர்க் கிடங்கில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உறங்குகின்றன, அது பெரும்பணி. ஆயினும் குடும்ப நிலம் ஒன்றில் காக்க வேண்டுமானால் ஒரே வழிதான்: ஆண்டுதோறும் விதைக்க வேண்டும். கலப்புக் கதிர்களைக் களைந்து, நல்ல கதிர்களைக் கையால் கொய்து, தனியே உலர்த்தி, தனியே பெயரெழுதி வைத்து, மறு ஆண்டு மறுபடியும். ஓர் ஆண்டு சோம்பினால் ஒரு வகை போய்விடலாம். திருக்குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ் அன்றாடம் ஓதிக்கொண்டே இருப்பது எதற்கோ, அதற்கே இதுவும் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

கேரளத்தின் வயநாட்டில், மானந்தவாடி அருகே, செருவயல் ராமன் என்ற குறிச்சியர் குல முதியவர் தம் முன்னோரின் நெல் வகைகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றை இவ்வாறே காத்துவருகிறார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பழைய மண்வீட்டிலேயே வாழ்ந்து, வரும் மாணவருக்கு அங்கேயே பாடம் சொல்கிறவர். நம் மாநிலத்தில் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். 170 வகைகள் வரை மீட்டெடுத்து, 2018 டிசம்பரில் மறைந்தார். விழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதை தருவார்கள். மறு ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, எதிர்பார்த்தபடியே, பெரிய பையன் ஒருவன் எழுந்தான்: "இரண்டு கொடுத்து நான்கு வாங்கினால் வட்டி ஆகாதா?" எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கடனாகக் கொடுத்து அதிகம் வாங்குவதென்று நிபந்தனை இட்டால் ஒரு சட்டம். அன்பளிப்பாகக் கொடுத்து, நீயும் இன்னொருவருக்குக் கொடு என்று கேட்டுக்கொண்டால் வேறொரு சட்டம். தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். நாம் விதை கொடுக்கும் காலம் வந்தால் கொடுத்த அளவையே திரும்பப் பெற்றுக்கொள்வோம். மீதி இருவரை அவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். நாம் சொல்ல வந்தது, வகுப்பறையில் ஓதும் மஸ்அலா ஒன்று விதை மூட்டையின் முன்னால் எப்படி உயிர் பெற்று எழுகிறது என்பதையே.

உஷ்ரும் அப்படித்தான். மழையாலோ ஊற்றாலோ தானே பாயும் நீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததற்கு இருபதில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் வகுத்ததை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று கேளுங்கள், பெரும்பாலோர் விழிப்பார்கள். ஏற்றம் மிதித்தவனின் வியர்வையை ஷரீஅத் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பது, ஒருமுறையேனும் ஒரு குடம் நீரைக் கிணற்றிலிருந்து இறைத்து நாற்றங்காலுக்குச் சுமந்த பிள்ளைக்கே விளங்கும். விளைச்சல் எவ்வளவு இருந்தால் கடமையாகும் என்பதில் இமாம் ஷாஃபியீ (ரஹ்) ஐந்து வஸக் என்கிறார்கள். ஏறத்தாழ 650 கிலோ என்று இன்றைய அறிஞர் கணக்கிடுவர். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) குறைந்த அளவு எதையும் நிபந்தனையாக வைக்கவில்லை. இரு மத்ஹபினரும் கலந்து வாழும் நம் ஊர்களில், ஒரே களத்து மேட்டில் இரு பிள்ளைகள் இரு கணக்குப் போடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. அறுவடை நாள் என்றால் என்னவென்றே காணாத பிள்ளைக்கு அவ்வசனம் எப்படிப் பொருள்படும்?

நம் திருமண விருந்துகளில் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வேண்டும் என்று எவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறோம்! அந்த நெல்லின் கதிரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நம் பழைய மாவட்டத்துப் பெயரையே தாங்கிய செங்கல்பட்டுச் சிறுமணி என்ற நெல் ஒன்று இருக்கிறது. அன்று வண்டியில் கேட்டோம். பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது இருக்கட்டும், உடன் வந்த பெரியவர்கள் ஒன்பது பேரில் ஒருவர் மட்டுமே அப்பெயரைக் கேள்விப்பட்டிருந்தார்.

1966இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் வெளிவந்தபின் பழைய வகைகள் வயலை விட்டு வேகமாக மறைந்தன. இதை வசைபாடுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நாம் அதில் சேரவில்லை. 1960களின் நடுவில் நாடு அயல்நாட்டுக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்திருந்தது. ரேஷன் வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்தக் குட்டை நெல் சோறு போட்டது. பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும். புதியதை ஏற்றது பிழையன்று. பழையதில் ஒரு பிடியைக்கூட எடுத்து வைக்காமல் விட்டதே பிழை.

நம் வட்டாரத்தின் வரலாறு முழுவதும் நிலத்தின் வரலாறு. திருமுக்கூடலுக்குத் தெற்கே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஊராட்சிக் குழுக்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கின்றன. குடவோலை பற்றி எல்லாரும் பேசுவர். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று அதே கல்வெட்டு விதித்திருப்பதைப் பேசுவோர் குறைவு. வாலாஜாபாத் என்ற பெயரே ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரால் வந்தது. அவர்தான் 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நம் பெயர் தாங்கிய ஊர் என்று பெருமைப்படும் பிள்ளைகளிடம் இதையும் மறைக்கக் கூடாது. ஜாகீர் கைக்கு வந்தபின் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், எத்தனை வீடு என்று அக்கணக்கில் இருக்கிறது. ஒரு பிள்ளை தன் பாட்டனாரின் ஊரை அதில் தேடிப் பார்க்கும் நாள் வந்தால் எந்தப் பாடநூலும் அதற்கு ஈடாகாது.

பண்ணை வரலாற்றைச் சொல்லும்போது நில உடைமையாளரின் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது அநீதியும் ஆகும். நிலத்தை உழுதவர் பலருக்கு அந்நிலத்தில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைபற்றி 1890களின் தொடக்கத்தில் எழுதிய அறிக்கையே பஞ்சமி நிலம் வழங்கப்படக் காரணமாயிற்று. அந்த அறிக்கை நம் மாவட்டத்து வயல்களைப் பார்த்து எழுதப்பட்டது. நம் பாட்டனாரின் களத்தில் நெல் தூற்றியவர் யார், கூலியாக எத்தனை மரக்கால் பெற்றார், அவர் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே என்று நம் பிள்ளைகள் கேட்கட்டும். தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அக்கேள்வி நமக்குச் சங்கடமாக இருந்தாலும் கேட்கப்பட வேண்டும்.

இனி மார்க்கம் காட்டிய வழிக்கு வருகிறோம். கைபரில் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த சொத்து தமக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் சென்று, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். நிலத்தின் மூலத்தை நிறுத்தி வைத்துவிட்டு, விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்பது நபியவர்களின் ஆலோசனை. அதன்படி, அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுரிமையாகப் பிரிக்கப்படாது என்று உமர் (ரலி) நிபந்தனை இட்டார்கள். ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்கு அதன் பயன் சென்றது. நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம் என்றும் அனுமதி இருந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. வக்ஃபின் இலக்கணம் என்று நாம் படிப்பது ஒரு விளைநிலத்தைப் பற்றியது என்பதைக் கவனித்தீர்களா? திருமுக்கூடல் சுவரில் நாங்கள் வாசித்ததும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்: ஓர் ஊரின் விளைச்சல், 15 நோயாளருக்கும் மாணவருக்கும். நல்லோர் பல இடங்களில் ஒரே வழியைக் கண்டுகொள்கிறார்கள்.

நம்மில் வக்ஃப் என்றதும் பள்ளிவாசலும் கடைகளும் கபரஸ்தானும் நினைவுக்கு வருகின்றன. நிலமாகக் கிடப்பவற்றில் சில அற்பக் குத்தகையிலும் சில ஆக்கிரமிப்பிலும் கிடக்கின்றன. வக்ஃப் என்று பெயர் எழுதிவிட்டாலே நிலம் தானாகக் காக்கப்படாது. எந்நிலத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளின் கால் படுகிறதோ, அந்நிலத்தை ஆக்கிரமிப்பது கடினம் என்பது எங்கள் எண்ணம். ஐம்பது பிள்ளைகளுக்கு எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது எந்தக் கம்பிவேலியையும்விட மேல்.

குடும்பத்துக்கான வக்ஃபும் நம் மரபில் உண்டு. வக்ஃப் அலல் அவ்லாத் என்பர். 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தகைய வக்ஃபைச் செல்லாதென்றது. முஸ்லிம்கள் பெரிதும் வருந்தி, முஹம்மது அலி ஜின்னா முன்னெடுக்க, 1913இல் தனிச் சட்டம் பெற்று அதை மீட்டனர். ஆனால் அது சில குடும்பங்களில் பெண்மக்களின் பங்கைத் தடுக்கும் சூழ்ச்சியாகவும் பயன்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2025இல் வந்த திருத்தச் சட்டத்தின் பிற பகுதிகளைப் பற்றிய வருத்தமும் வழக்கும் வேறு. குடும்ப வக்ஃபால் பெண்களின் வாரிசுரிமை மறுக்கப்படக் கூடாது என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும் என்றிருந்ததே நமக்கு வெட்கம்.

எங்கள் குடும்பத்தின் கதையையும் சொல்லிவிடுகிறோம். பாலாற்றின் ஓரம் பாட்டனார் வைத்திருந்தது இரண்டரை ஏக்கர். ஊற்றுக்கால் தண்ணீர் பாய்ந்த நிலம். அவர் மௌத்தானபின் பிள்ளைகள் ஆறு பேர். ஒருவர் துபாயில், ஒருவர் சென்னையில், ஏனையோர் காஞ்சியில். அத்தைமார் இருவரும் தம் பங்கைக் கேட்டனர். கேட்டது அவர்களுக்கு அல்லாஹ் வகுத்த உரிமை. யாரிடமும் ரொக்கம் இல்லை. மனை போடுபவர் ஒருவர் வந்தார். மூன்று மாதத்தில் முடிந்தது. அன்று எவரும் குற்றம் செய்யவில்லை. வேறு வழி ஒன்று இருந்தது என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பாட்டனார் உயிரோடிருக்கும்போதே, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், ஐம்பதோ அறுபதோ சென்ட் நிலத்தை வஸிய்யத்தாக வக்ஃபுக்கு ஒதுக்கியிருக்கலாம். ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் மூன்றில் ஒன்றே, அதுவும் அதிகம் என்று வரம்பு வகுத்தார்கள். அந்த வரம்புக்குள் எவருடைய பங்கும் குறைந்ததாகாது. மீதியைப் பங்கிட்டு விற்றிருந்தாலும், கிணறும் புளியமரமும் நின்ற அந்த மூலை இன்று எங்கள் பிள்ளைகளுக்கு இருந்திருக்கும்.

ஆதலால் நிலம் உள்ள பெரியவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். முழு நிலத்தையும் கேட்கவில்லை. உங்கள் ஆண்மக்களையும் பெண்மக்களையும் ஒன்றாக உட்கார வைத்து, அனைவரும் அறிய, ஒரு மூலையை ஒதுக்குங்கள். உங்கள் கையால் எழுதிய ஒரு தாளையும் அதனுடன் வையுங்கள்: இந்நிலம் எப்படி வந்தது, இதில் என்ன விளைந்தது, யார் உழுதார்கள், எந்த ஆண்டு ஏரி உடைந்தது, எந்த ஆண்டு கிணறு வற்றியது. வரலாற்றாசிரியர் எவரும் வந்து எழுதப்போவதில்லை. பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று 2022இல் அறிவிப்பு வந்தபோது ஏகனாபுரத்து மக்கள் தம் ஏரியையும் வயலையும் பற்றி வரலாறு பேசத் தொடங்கினர். அத்திட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். இழக்கப்போகும் நாளில்தான் நிலத்தின் கதையை நாம் சொல்லத் தொடங்குகிறோம் என்பது மட்டும் உண்மை.

கல்வி நிலையங்கள் நடத்தும் நம் அறக்கட்டளைகளுக்கும் ஒன்று. ஆண்டுக்கு ஒருநாள் பேருந்தில் அழைத்துச் சென்று, புகைப்படம் எடுத்து, பொட்டலம் கொடுத்துத் திருப்பி அழைத்து வருவது சுற்றுலா. பாடமாக வேண்டுமானால் ஒரே வகுப்பு ஒரே வயலுக்கு ஆடியில் ஒருமுறை, நடவில் ஒருமுறை, களையெடுப்பில் ஒருமுறை, தையில் அறுப்புக்கு ஒருமுறை என நான்கு முறையாவது செல்ல வேண்டும். தேர்வு அட்டவணை இடம் தராது என்பார்கள். காலாண்டுத் தேர்வை நெல் அறியாது. நாம்தான் நெல்லின் அட்டவணைக்கு இணங்க வேண்டும்.

ஒருவர் நடும் மரத்திலிருந்தோ விதைக்கும் பயிரிலிருந்தோ பறவையும் மனிதரும் விலங்கும் உண்பது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை மக்தபில் எல்லாப் பிள்ளைகளும் ஓதியிருக்கிறார்கள். திருமுக்கூடலில் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை, மறுவாரம் வகுப்பில் அதை ஓதிவிட்டு, காக்கை தின்றாலும் கணக்கில் வருமா என்று கேட்டதாக ஹஜ்ரத் சொன்னார். வரும் என்று சொன்னாராம். "அப்படியானால் காக்கையை விரட்ட வேண்டாமா?" என்றானாம். அதற்கும் உழவரிடம் கேட்டுத்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

வாலாஜாபாத் சாலையில் ஒரு பெரியவர் தம் வயலில் 30 சென்ட் நிலத்தை வரும் சம்பாப் பருவத்துக்குப் பிள்ளைகளிடம் விடச் சம்மதித்திருக்கிறார். ஒரு பருவத்துக்கு மட்டும்தான்; அதன்பின் அவர் மக்கள் முடிவு செய்வார்கள். செங்கல்பட்டுச் சிறுமணி விதை இரண்டு கிலோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கல்வெட்டில் உள்ள 90 கலத்தைப் பிள்ளைகள் தாமே அளந்து பார்க்க ஒரு மரக்கால் வேண்டும். 12 மரக்கால் ஒரு கலம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம், அளக்கத்தான் கருவி இல்லை. யார் வீட்டுப் பரணிலாவது பழைய மரக்காலோ படியோ முறமோ கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன், ஆடிக்குள் மக்தபுக்கு அனுப்பி வையுங்கள்.